தீர்மான நோட்டில் நான் எழுதிய வார்த்தை

வரவு செலவு வாசிக்கிறதைத் தவிர மேடையில் எனக்கு வேறு பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்குங்க.

குடிக்கிறவங்களைச் சொல்ல நம்மகிட்ட வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. குடிகாரன், மொடாக்குடியன், தண்ணி வண்டி. ரோட்டில் விழுந்து கிடந்தால் மட்டை. 2003ல் அரசே டாஸ்மாக் கடையில் சில்லறை விற்பனையை எடுத்துக்கிட்டது. ஓட்டுப் போடுறவரைச் சொல்ற 'குடிமகன்' என்ற வார்த்தையை நாம இவருக்கும் வைத்துச் சிரிக்கிறோம். சிரிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த வீட்டுப் பொம்பளைக்குப் பெயரே போயிடுது. அவள் 'குடிகாரன் பொண்டாட்டி'.

நான் ஊக்குநராக இருந்தப்போ ஒரு தங்கச்சி பத்தாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டாள். சந்தா ஒரு மாதமும் தவறாதவள். வீட்டுக்காரரை வைத்தியத்துக்குச் சேர்க்கணும், கூடவே இருக்கணும், அதுவரை வீட்டுச் செலவுக்கு வேணும் என்றாள். "பணம் நேரா கடைக்குத்தான் போகும்" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். தீர்மான நோட்டில் என் கையால எழுதினேன்: 'கணவர் குடிகாரர் என்பதால் கடன் நிறுத்தி வைக்கப்படுகிறது.' மரியாதையா 'குடிகாரர்'னு எழுதிட்டோம்னு ஒரு திருப்தி வேற எனக்கு.

தண்டலுக்குப் பயந்துக்கிட்டு அவள் வீட்டிலேயே நிறுத்தப் பார்த்தாள். சிவன் கோயிலில் சத்தியம் வாங்கினாள். அந்த மனுஷனும் ஒரே நாளில் விட்டுட்டார். மூணாம் நாள் கை உதறல். இல்லாத பூச்சியைத் தட்டி விடுறார். "குவாட்டருக்காக நடிக்கிறான்" என்றது தெரு. அன்னிக்கு ராத்திரி வலிப்பு வந்தது.

பல வருஷம் தினமும் குடிச்ச உடம்பில் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகலாம், உயிரே போகலாம், மருந்து கொடுத்துத்தான் நிறுத்தணும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். "இது குடிநோய்ம்மா" என்றார். அந்த வார்த்தையை நான் அன்னிக்குத்தான் முதல்ல கேட்டேன்.

ஆனா அது ஒண்ணும் புதுசு இல்லை. 1849லேயே மேக்னஸ் ஹஸ் என்ற ஸ்வீடன் நாட்டு டாக்டர் இதுக்கு 'ஆல்கஹாலிசம்' என்று நோய்ப் பெயர் வைத்துவிட்டார். நம்ம சென்னையில், கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மா 1980ல் இதுக்கென்றே டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினாங்க. அடையாறில்தான் இருக்கு. அங்கேயிருந்து பாடிக்கு, எங்க நோட்டுக்கு, அந்த வார்த்தை வந்து சேர இத்தனை வருஷம்.

"நோய்னு சொல்லிட்டா, அடிச்சதெல்லாம் இல்லைன்னு ஆயிடுமா?" என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆகாது. சர்க்கரை நோயாளி பொண்டாட்டியை அடிச்சால் விட்டுடுவோமா? அடிக்கு 181க்குப் போன் பண்ணுங்க, நோய்க்கு 14446க்குப் பண்ணுங்க. ரெண்டும் தனித்தனி. போதையில் இருக்கும்போது மட்டும் நியாயம் பேசாதீங்க. தண்ணிக்குள்ள மூழ்கினவனை விளக்கு கொண்டு போய்த் தேடுற மாதிரின்னு வள்ளுவரே கள்ளுண்ணாமை அதிகாரத்தில் சொல்லியிருக்கார். காலையில பேசுங்க.

அந்தத் தங்கச்சிக்கு அடுத்த மாதமே கடன் கொடுத்தோம். 'கணவரின் குடிநோய் சிகிச்சைக்காக' என்று எழுதினேன். பத்துத் தவணையில் கட்டி முடிச்சாள். அவர் பதினொரு மாதம் நிறுத்தியிருந்தார், திரும்பவும் குடிச்சார், திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனார். இப்போ வேலைக்குப் போயிட்டிருக்கார்.

பழைய பக்கத்தைக் கிழிச்சிடலாம்னு ஒருத்தி சொன்னாள். தணிக்கைக்கு வேணும், நோட்டில் பக்கம் கிழிக்கக்கூடாது. என் கையெழுத்தோட அது அங்கேயேதான் இருக்கு.