ஹெச்.எம். அறையிலிருந்து வகுப்பறைக்கு

உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்? அட்மிஷனுக்கோ, டி.சி. வாங்கவோ போயிருப்பீர்கள். அப்போது ஹெச்.எம். எங்கே இருந்தார் என்று கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். மேசைக்குப் பின்னால்தானே? முன்னால் ஒரு அடுக்கு பதிவேடு, கையில் செல்போன், பக்கத்தில் கையெழுத்துக்காகக் காத்து நிற்கும் ஒருவர். நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். வகுப்பறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாடம் நடப்பதையும் பிள்ளைகளின் நோட்டையும் கவனிக்கிற ஹெச்.எம்.மை நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்?

அவரை அந்த மேசையிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவருவது எப்படி, அதில் பெற்றோரான உங்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்பதுதான் இந்த மாத உரை.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தொடக்கப் பள்ளியின் காலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் இருக்கும் பள்ளி என்றால், வந்ததும் சாப்பாடு தயாரா, பிள்ளைகள் வந்துவிட்டார்களா என்று பார்க்கணும். அடுத்து வருகைப் பதிவு. அதைச் செயலியில் ஏற்றணும், சிக்னல் இல்லைன்னா போனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போகணும். எமிஸ் தளத்தில் ஒரு பிள்ளையின் ஆதார் எண் பொருந்தவில்லை, இன்னொரு பிள்ளைக்கு வங்கிக் கணக்கு இல்லை. சீருடை, காலணி, நோட்டு வந்திறங்கினால் எண்ணி வாங்கிப் பதிவேட்டில் ஏற்றணும். மதியம் சத்துணவு. பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் எழுத்தர் என்று தனியாக ஒருவர் கிடையாது. எல்லாம் அவரேதான்.

இதற்கு நடுவில் அவர் பாடமும் நடத்தணும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஆசிரியர்களோடு சேர்த்துத் தனியாக ஒரு தலைமை ஆசிரியர். 40, 50 பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஹெச்.எம். என்பவர் இருக்கும் இரண்டு ஆசிரியர்களில் ஒருவர், அவ்வளவுதான். அவர் வகுப்பை விட்டு அடுத்த வகுப்பைப் பார்க்கப் போனால், இவர் வகுப்பில் யார் இருப்பது?

இன்னொன்றும் இருக்கிறது. பணிமூப்பில் பதவி உயர்வு பெற்றுத்தான் பெரும்பாலும் இந்த நாற்காலிக்கு வருகிறார்கள். நேற்று வரை அஞ்சாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் இன்று ஒரு பள்ளிக்கே பொறுப்பு. நல்லா பாடம் நடத்துவது ஒரு திறமை. இன்னொரு ஆசிரியர் நல்லா நடத்தும்படி கூட நிற்பது வேறு திறமை. அது தானாக வருவதில்லை, பழகணும். இதை உணர்ந்துதான் 2012-ல் டெல்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனத்தில் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசிய மையம் தொடங்கினார்கள். 2019-ல் வந்த 'நிஷ்தா' பயிற்சியும் ஆசிரியர்களோடு பள்ளித் தலைமை ஆசிரியர்களையும் சேர்த்தே வடிவமைக்கப்பட்டது.

பயிற்சி கொடுத்தா எல்லாம் சரியாயிடுமா? அங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்கணும்.

மத்தியப் பிரதேசத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. பள்ளி நிர்வாகத்தை மேம்படுத்துவதுதான் நோக்கம். ஒவ்வொரு பள்ளியையும் விரிவாக மதிப்பிட்டார்கள், தரநிலை கொடுத்தார்கள், அந்தந்தப் பள்ளிக்கென்று மேம்பாட்டுத் திட்டம் எழுத வைத்தார்கள். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் இதை ஆய்வு செய்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 1,774 பள்ளிகளில் திட்டம் நடந்தது. மதிப்பீடு கிட்டத்தட்ட எல்லாப் பள்ளியிலும் ஒழுங்காக முடிந்தது. கொடுத்த தரநிலையும் பள்ளியின் நிலையைச் சரியாகவே காட்டியது. ஆனால் பள்ளி நடக்கும் விதத்திலும், பிள்ளைகளின் கற்றலிலும் எந்த மாற்றமும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், திட்டம் வெற்றி என்றே பலரும் நினைத்தார்கள். நாடு முழுக்க 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அது விரிந்தது. கோப்பு நிறைந்தது, கரும்பலகைப் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை.

அப்படியானால் எது பலன் தரும்? நியூசிலாந்தின் விவியன் ராபின்சன் என்ற கல்வியாளரும் இரண்டு சக ஆய்வாளர்களும், பள்ளித் தலைமை பற்றி ஏற்கெனவே வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பள்ளித் தலைவர் செய்யக்கூடிய வேலைகளை ஐந்து வகையாகப் பிரித்து, எது பிள்ளைகளின் கற்றலோடு அதிகம் தொடர்புடையது என்று பார்த்தார்கள். முதலிடம் பிடித்தது, ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும் இடத்தில் தலைமை ஆசிரியரும் ஓர் ஆளாக உட்கார்ந்து கற்பது. ஏற்பாடு பண்ணிக் கொடுத்துவிட்டு ஆபீஸ் ரூமுக்குப் போய்விடுவதில் அந்தப் பலன் இல்லை. கூடவே உட்காரணும்.

கேட்க எளிதாக இருக்கிறது. நம்ம ஊர் வகுப்பில் இது எப்படி இருக்கும்னு ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம்.

மூன்றாம் வகுப்பு. பலகையில் 52 கழித்தல் 17. விடை 35. ஆனால் நாலைந்து பிள்ளைகளின் நோட்டில் 45 என்று இருக்கிறது. அவசரத்தில் இருக்கும் ஆசிரியர் சிவப்பு மையில் தப்பு போட்டு, சரியான விடையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். ஹெச்.எம். அந்த நாலைந்து நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். இந்தப் பிள்ளைகள் எல்லாருமே ஒரே மாதிரி தப்பு பண்ணியிருக்கிறார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்றதும், ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 போட்டுவிட்டார்கள். அப்புறம் ஐந்தில் ஒன்று போனால் 4. ஆக, 45. இது கவனக்குறைவு கிடையாது. ஐம்பத்திரண்டில் இருக்கும் அந்த 'ஐந்து' ஐந்து பத்துகள் என்பது அவர்கள் மனதில் இன்னும் பதியவில்லை. 'கடன் வாங்குதல்' அவர்களுக்கு ஒரு மந்திரம் மாதிரி, எங்கிருந்து எதைக் கடன் வாங்குகிறோம் என்று தெரியாது.

இப்போது ஹெச்.எம். அந்த ஆசிரியரோடு உட்கார்ந்து, "டீச்சர், இந்தத் தப்பு எங்கிருந்து வருதுன்னு பார்ப்போமா?" என்று கேட்கிறார். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்து, பன்னிரண்டிலிருந்து ஏழு எடுத்துக் காட்டிப் பார்க்கலாம் என்று இருவரும் முடிவு பண்ணுகிறார்கள். மறுநாள் ஹெச்.எம். பத்து நிமிஷம் அந்த வகுப்பில் உட்கார்ந்து பார்க்கிறார். அடுத்த வாரம் அதே பிள்ளைகளின் நோட்டைத் திரும்பப் பார்க்கிறார். எனக்குத் தெரிந்து பள்ளித் தலைமை என்பது கண்ணுக்குத் தெரிகிற இடம் இதுதான். இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியிலும் இதைச் செய்யலாம். நோட்டைப் பார்க்க மாலையில் கால் மணி நேரம் போதும்.

இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். பின் பெஞ்சில் ஹெச்.எம். வந்து உட்கார்ந்தாலே ஆசிரியருக்கு 'இன்ஸ்பெக்‌ஷன்' என்ற பயம் வந்துவிடும். நம்ம ஊரில் பல வருஷமாக அப்படித்தான் பழக்கம். பார்த்ததை எழுதி மேலே அனுப்புவாரோ என்ற சந்தேகம் இருக்கும்வரை எந்த ஆசிரியரும் தன் வகுப்பில் எது ஓடவில்லை என்று வாய் திறக்க மாட்டார். அதனால் முதலில் தன் வகுப்புக்கு மற்றவர்களைக் கூப்பிடும் ஹெச்.எம்.முக்குத்தான் இது கைகூடும். "என் வகுப்பிலும் ஆறு பேருக்கு வாசிப்பு வரல, வந்து பாருங்க" என்று அவர் சொல்லணும். தலைமைப் பயிற்சிகளில் இந்தப் பேச்சைப் பழகிப் பார்க்க நேரம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும். குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போது ஆளுக்கு நாலு நோட்டு எடுத்துப்போய் நடுவில் வைத்துப் பேசினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது பெற்றோர் பலருக்கும் தெரிந்திருக்கும். ஹெச்.எம். கேட்க வேண்டிய கேள்வி அதிலேயே இருக்கிறது: ஜூன் மாதம் அரும்பில் இருந்த பிள்ளைகளில் யார் யார் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்? எண்ணிக்கை போதாது, பெயர் வேண்டும்.

இப்போது உங்கள் பங்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் இந்தக் குழுவின் வேலை.

என் அம்மா ஒருமுறை உறுப்பினராக இருந்தார். போன கூட்டத்திலெல்லாம் சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறைக் கதவு பற்றித்தான் பேச்சு. தேவையான பேச்சுதான், இல்லைன்னு சொல்லல. "பிள்ளைங்க படிக்கிறாங்களான்னு யாரும் கேட்கலையாம்மா?" என்றேன். "அது அவங்க வேலைதானேன்னு இருந்துட்டோம்" என்றார். அடுத்த கூட்டத்துக்குத் தம்பியின் கணக்கு நோட்டை எடுத்துப் போனார். கூட்டம் முடிந்ததும் ஹெச்.எம்.மிடம் காட்டி, "இவனுக்கு இது ஏன் வர மாட்டேங்குது சார்?" என்று மட்டும் கேட்டாராம். அவர் நோட்டை வாங்கி ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு அந்த வகுப்பின் மற்ற நோட்டுகளையும் கொண்டுவரச் சொன்னார்.

அவருக்கு நேரம் மிச்சம் பண்ணிக் கொடுப்பதும் நம் கையில் இருக்கிறது. வருமானச் சான்று, சாதிச் சான்று தேவைப்படும் பிள்ளைகளுக்கு, பள்ளி திறந்து ஹெச்.எம். நாலு முறை போன் போட்ட பிறகு அலையாமல், கோடை விடுமுறையிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஆதாரில் பெயர், பிறந்த தேதி பள்ளிப் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். செல்போன் எண் மாறினால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒரு வகுப்பில் இருபது பெற்றோர் இதைச் செய்தால், ஹெச்.எம். மேசையில் எத்தனை மணி நேரம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்களேன்.

உங்கள் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டம் எந்தத் தேதி என்று தெரியவில்லையென்றால் பள்ளியிலேயே கேட்கலாம். கல்வி தொடர்பான மற்ற சந்தேகங்களுக்கு 14417 என்ற உதவி எண் இருக்கிறது. கூட்டத்துக்குப் போகும்போது பிள்ளையின் நோட்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.