‘அனுப்பியாச்சு’ என்பது முடிவல்ல

(நெய்வேலியில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணக்கு டீச்சர் என்பதால் கற்றல் விளைவுகளைப் பற்றியோ, பின்னங்களைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் பேச வந்திருப்பது நாம் யாரும் விரும்பிச் செய்யாத ஒரு வேலையைப் பற்றி. பிள்ளைகளுக்கு வரும் உதவித்தொகை, அதற்கு நாம் எழுதும் பதிவேடு, மேலே அனுப்பும் அறிக்கை ஆகியவற்றைப் பற்றி. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். ஒரு பிள்ளையின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில் பணியாற்றினேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா சாலை விபத்தில் இறந்துவிட்டார். வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவர் பெயரில் 75,000 ரூபாய் வைப்புத் தொகையாகப் போடப்படும் திட்டம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் தகவல் அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் அந்த அம்மா அலைந்து வாங்கி வந்தார். நாங்களும் கோப்பை அனுப்பினோம். பதிவேட்டில் ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதினோம். அதன்பின் ஒவ்வோர் அறிக்கையிலும் ‘நிலுவை: இல்லை’ என்று எழுதினோம்.

அவள் பத்தாம் வகுப்பு முடித்த பிறகு ஒருநாள் அந்த அம்மா வந்து நின்றார். “அந்தப் பணம் எப்ப டீச்சர் வரும்?” என்று கேட்டார். தேடினோம். பீரோவில் அடித்தட்டில் கோப்பு இருந்தது. ஆதாரில் ஓர் இனிஷியல், பள்ளிப் பதிவில் வேறு இனிஷியல். சரிசெய்து அனுப்பச் சொல்லித் திரும்பி வந்திருக்கிறது. எந்தத் தேதியில் வந்தது, யார் வாங்கி வைத்தார்கள் என்று எங்கும் எழுதவில்லை.

யாரும் ஒரு ரூபாய் எடுக்கவில்லை. எங்களில் யாரும் கெட்டவரும் இல்லை. கோப்பைச் சரிசெய்து அனுப்பினோம், பிறகு தொகையும் வந்தது. ஆனால் அதற்குள் அந்தப் பெண் முந்திரி உடைக்கும் வேலைக்குப் போயிருந்தாள். பதினொன்றாம் வகுப்புக்கு அந்த ஆண்டு வரவில்லை. ‘நிலுவை: இல்லை’ என்ற அந்த வரியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

எல்.சி. வாங்கும் ஊர் நம்முடையது

தணிக்கையாளர்கள் ‘உள்ளகக் கட்டுப்பாடு’ என்று ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். கேட்டாலே பயமாக இருக்கும். ஆனால் நெய்வேலிக்காரர்களுக்கு அதை விளக்கவே தேவையில்லை. நம்மில் பலர் வீட்டில் ஒருவராவது சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ வேலை பார்த்திருப்பார். மின்பாதையில் கைவைக்கும் முன் என்ன செய்வார்கள்? ‘லைன் கிளியர்’, அதாவது எல்.சி. வாங்குவார்கள். வேலை செய்கிறவர் கேட்பார். இன்னொருவர் மின்சாரத்தை நிறுத்தி, எர்த் போட்டு, எழுத்தில் அனுமதி கொடுப்பார். வேலை முடிந்ததும் வாங்கியவரே திருப்பித் தர வேண்டும். இரண்டு பேர் வாங்கியிருந்தால் இரண்டு பேரும் திருப்பித் தரும்வரை யாரும் சுவிட்சைப் போடக் கூடாது.

இது ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லாததால் வந்த வழக்கமா? இல்லை. எவ்வளவு நல்ல தொழிலாளிக்கும் மறதி வரும், அவசரம் வரும் என்பதால் வந்தது. கம்பத்தில் ஏறியவர் உயிரோடு இறங்க வேண்டும் என்பதால் வந்தது. நம் பதிவேட்டிலும் செய்பவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர், தொடங்கிய தேதி, முடித்த தேதி என்று இருந்தால் அதுதான் உள்ளகக் கட்டுப்பாடு. எங்கள் பள்ளியில் அன்று எல்.சி. வாங்கினோம். திருப்பித் தந்தோமா என்று யாரும் பார்க்கவில்லை.

பெரிய இடங்களிலும் இதே கதை

இது சின்னப் பள்ளிகளில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில், 2020 மார்ச் 27 அன்று, அமெரிக்காவில் ஒரு நிவாரணச் சட்டம் வந்தது. அதில் கல்லூரிகளுக்கென்று சுமார் 1,400 கோடி டாலர் ஒதுக்கினார்கள். கல்லூரிகளுக்கு நேரடியாகப் பிரித்துத் தந்த தொகையில் குறைந்தது பாதியை மாணவர்களுக்கு அவசர உதவியாகக் கொடுக்க வேண்டும். எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்பதைக் கல்லூரி தன் இணையதளத்தில் குறித்த காலத்துக்குள் வெளியிட வேண்டும்.

பிறகு தணிக்கை வந்தது. பல கல்லூரிகளில் அவர்கள் கண்டது திருட்டை அல்ல. அறிக்கை தாமதமாக வெளியானது. அறிக்கையில் இருந்த தொகையும் கணக்குப் புத்தகத்தில் இருந்த தொகையும் பொருந்தவில்லை. அறிக்கையைத் தயாரித்தவர் அல்லாத வேறொருவர் அதைப் பார்த்தார் என்பதற்கு ஒரு கையெழுத்துகூட இல்லை. பணம் மாணவருக்குப் போயிருக்கலாம். ஆனால் போனது என்று காட்ட முடியவில்லை. கணினியும் கணக்காளரும் நிறைந்த கல்லூரிகளிலேயே இப்படி என்றால், எழுத்தர் பணியிடம்கூட இல்லாத தொடக்கப் பள்ளியின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். அதே 2020-இல் பிரதமரின் கிசான் திட்டத்தில் நடந்தது நினைவிருக்கும். விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் திட்டம் அது. ஊரடங்கு நேரத்தில் பதிவை எளிதாக்கினார்கள். விவசாயிகள் அல்லாதவர்கள் ஏராளமாகச் சேர்க்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் சுமார் 5.5 லட்சம் பேர் தகுதியில்லாமல் சேர்ந்ததாகவும், சுமார் 110 கோடி ரூபாய் போனதாகவும் அப்போதைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி தெரிவித்தார். நம் கடலூரும் விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் அந்தச் செய்தியில் அடிபட்டன. வழி எப்படித் திறந்தது? அலுவலர்களின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வெளியாட்கள் கைக்குப் போனதுதான் வழி.

நமக்கு இன்னும் நெருக்கமானது, சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை. இந்தியா முழுவதும் 1,572 கல்வி நிறுவனங்களை ஆராய்ந்ததில் 830 நிறுவனங்கள் போலியானவை, அல்லது இயங்காதவை என்று தெரிந்தது. 2017-18 முதல் ஐந்து ஆண்டுகளில் இழப்பு 144.83 கோடி ரூபாய் என்று மத்திய அமைச்சகம் கணக்கிட்டு, 2023-இல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்தத் திட்டத்தில் இரண்டு நிலைச் சரிபார்ப்பு இருந்தது. முதலில் கல்வி நிறுவனத்தின் பொறுப்பு அலுவலர், அடுத்து மாவட்ட அளவிலான அலுவலர். காகிதத்தில் இரண்டு பூட்டு இருந்தது. பார்க்காமலே ‘சரிபார்த்தேன்’ என்று அழுத்தினால் எத்தனை பூட்டு இருந்தும் கதவு திறந்துதான் கிடக்கும்.

நம் பள்ளியில் ஐந்து பழக்கங்கள்

என் அனுபவத்தில் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன். இவற்றுக்குத் தனி நிதி வேண்டாம், தனி ஆணையும் வேண்டாம்.

முதலாவது: எழுதியவர் வேறு, பார்த்தவர் வேறாக இருக்கட்டும். வகுப்பாசிரியர் பட்டியல் எழுதினால் இன்னொரு வகுப்பாசிரியர் அதை ஆதார், வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இருவரும் தேதியோடு சுருக்கொப்பம் இடட்டும். ஈராசிரியர் பள்ளியிலும் இது முடியும். ஒரு கணக்கை முடித்ததும் “சரிபார்த்தாயா?” என்று மாணவனைக் கேட்கிறோமே, அதே கேள்விதான் இது.

இரண்டாவது: பாஸ்வேர்டு ஒருவருக்குத்தான். பீரோக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டாதீர்கள். பிரவுசிங் சென்டரில் கொடுத்துவிட்டு வராதீர்கள். தலைமையாசிரியர் மாறுதலில் போனால், பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் பீரோச் சாவியோடு பாஸ்வேர்டு மாற்றமும், ஓ.டி.பி. வரும் கைபேசி எண் மாற்றமும் சேரட்டும். நாளை ஏதாவது நடந்தால் பதில் சொல்லப் போவது அந்த எண்ணுக்கு உரியவர்தான்.

மூன்றாவது: மூன்று எண்களை எழுதுங்கள். தகுதியுள்ளோர், விண்ணப்பித்தோர், பணம் கைக்கு வந்தோர். எடுத்துக்காட்டாக 42, 39, 33 என்று வைத்துக்கொள்வோம். மேலே போகும் அறிக்கையில் பெரும்பாலும் நடு எண்தான் இருக்கும். என் கவலை அந்த இடைவெளிகளைப் பற்றியது. விண்ணப்பிக்காத 3 பேர் யார்? விண்ணப்பித்தும் வராத 6 பேர் யார்? ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு காரணம் எழுத முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

நான்காவது: ‘அனுப்பப்பட்டது’ என்பதோடு பதிவேட்டை மூடாதீர்கள். ‘கிடைத்தது’ என்ற பத்தியையும் சேருங்கள். திரும்பி வந்த கோப்புக்கு வந்த தேதி, வாங்கியவர், சரிசெய்து மீண்டும் அனுப்பிய தேதி மூன்றும் வேண்டும். இங்கே ஒரு செய்தி. ஆதார் வழியாக வரும் தொகை, விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்கு வருவதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தார்களோ அதற்குத்தான் போகும். “பணம் வரல டீச்சர்” என்று சொல்லும் பிள்ளைக்கு வேறு வங்கியில் அது வந்து கிடக்கலாம். வங்கிப் புத்தகத்தைப் பதிந்து வரச் சொல்லிப் பார்த்த பிறகே டிக் அடியுங்கள்.

ஐந்தாவது: பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லுங்கள். நிதிப் பயன்பாட்டைக் கண்காணிப்பது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு அந்தக் குழுவுக்குத் தந்த பொறுப்பு. அந்த மூன்று எண்களைக் கூட்டத்தில் வாசியுங்கள். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்த உதவி, எதற்காக என்பதைச் சுவரில் ஒட்ட வேண்டாம். அப்பாவை இழந்த குழந்தையின் துயரம் அறிவிப்புப் பலகைக்கு உரியதல்ல.

அவசரக் காலத்தில் என்ன செய்வது?

“வெள்ளம் வந்தால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?” என்று ஓர் ஆசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்துப் போட்டது. 2015 நவம்பரில் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. அப்படிப்பட்ட நேரத்தில் ஆறு சான்று கேட்டு ஒரு குழந்தையை நிற்க வைப்பது நிர்வாகம் அல்ல, கல்நெஞ்சம்.

ஆகவே அவசரத்தில் முதலில் கொடுப்போம். ஆனால் கொடுத்த அன்றே எழுதுவோம். ஒரு நோட்டில் பெயர், பொருள், தேதி, பெற்றவர் கையெழுத்து, அருகில் இருந்த இன்னோர் ஆசிரியரின் கையெழுத்து. அவ்வளவு போதும். மற்றவற்றை ஜூன், ஜூலையிலேயே முடித்து வைக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பெயர், பிறந்த தேதி, ஆதார், வங்கிக் கணக்கு, கைபேசி எண் ஆகியவை எமிஸ் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டால், மழைக்காலத்தில் எந்தக் கோப்பும் இனிஷியலுக்காகத் திரும்பி வராது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக்குப் போன நம் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதற்கு ஆதாரம், அவர் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார் என்ற நம் பள்ளிப் பதிவுதான்.

ஒரு வேண்டுகோளும் உண்டு

“நாங்கள் பாடம் நடத்த வந்தவர்கள், கணக்கு எழுத வந்தவர்கள் அல்ல” என்ற குரலும் எனக்குக் கேட்கிறது. அதில் உண்மை இருக்கிறது. எனவே நம் துறையிடமும் பணிவோடு கேட்க வேண்டியவை உண்டு. ஒரே விவரத்தை மூன்று படிவங்களில் கேட்காதிருக்க வேண்டும். பணம் போகாமல் திரும்பிய மாணவர் பட்டியல் காரணத்தோடு பள்ளிக்கு உடனே வர வேண்டும். “இன்று மாலைக்குள்” என்று கேட்கும் அறிக்கையில் உண்மையைவிட வேகம்தான் இருக்கும். தவறை முன்வந்து சொல்லும் தலைமையாசிரியருக்கு முதலில் வழிகாட்டுதல் கிடைக்க வேண்டும். விளக்கம் கேட்கும் குறிப்பாணை மட்டும் வந்தால், அடுத்த முறை எல்லோரும் ‘நிலுவை: இல்லை’ என்றுதான் எழுதுவார்கள்.

ஆனால் அவையெல்லாம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த முந்திரி உடைத்த பெண்ணைப் பிறகு ஒருமுறை மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் பார்த்தேன். “நல்லா இருக்கீங்களா டீச்சர்?” என்று அன்போடுதான் கேட்டாள். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. பீரோவின் அடித்தட்டில் என்ன கிடந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

நாளை பள்ளிக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். பீரோவைத் திறந்து அடித்தட்டைப் பாருங்கள். அங்கே ஒரு கோப்பு இருந்தால், அதன்மேல் இருக்கும் பெயரைப் படியுங்கள். அது நம் வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்தான்.