ஒளிக்கிறது என்றால் என்ன, சேர்?

தலைவர் அவர்களே, தமிழ்ப் பெருமக்களே, எழும்பிப் போக வசதியாகக் கதவோரம் இருக்கிற பிள்ளைகளே, வணக்கம்.

அழைப்பிதழில் எனக்குப் போட்டிருக்கிற தலைப்பு ‘இளையோரும் இலக்கியமும்’. பத்து வருஷமாக இதே தலைப்பில் பேசுகிறேன். இளையோரும் வரவில்லை, இலக்கியமும் கூடவில்லை. ஆகையால் இன்றைக்கு வேறொன்று பேசப்போகிறேன். தலைவர் கோபிக்கக் கூடாது.

யுத்தம் முடிந்த சமயம். வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள், மாடிப்படிக்குப் பக்கத்தில் தகரம் போட்டு, ரியூஷன் கொடுத்தேன். கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு பெடியன் வருவான். உயர்தரம், பதினேழு வயது. பெயர் சொல்லமாட்டேன். அவனிடம் கேட்டுத்தான் இதைப் பேசுகிறேன். “கொட்டாஞ்சேனை எண்டு சொல்லுங்கோ சேர், அங்க ஆயிரம் பெடியன்கள்” என்றான்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு நின்றான். “சேர், ஒளிக்கிறதுக்கும் பொய் சொல்லுறதுக்கும் என்ன வித்தியாசம்?”

எனக்குப் பெரிய புளுகம். இலக்கணக் கேள்வி கேட்கிறானே! ‘ஒளி’ என்றால் வெளிச்சம். அதே ‘ஒளி’ என்றால் மறைந்துகொள். ஒரே சொல்லுக்குள் பகலையும் இரவையும் வைத்தவன் தமிழன் என்று அரை மணித்தியாலம் பொழிந்தேன், இப்போது உங்களுக்குப் பொழிகிற மாதிரி. பொறுமையாகக் கேட்டான். “நன்றி சேர்” என்றான். போய்விட்டான். அவன் கேட்டது இலக்கணம் அல்ல என்று எனக்கு விளங்க ஆறு வருஷம் சென்றது.

அவன் மனம் பெண்பிள்ளைகள் பக்கம் போகவில்லை, ஒரு பெடியன் பக்கம் போயிருந்தது. வீட்டில் சொல்வதா, விடுவதா? சொல்லாவிட்டால் தான் பொய்யனா? அதைத்தான் கேட்டான். நான் வேர்ச்சொல் விளக்கினேன்.

உடனே சில பேருக்கு முகம் சுருங்குகிறது, தெரிகிறது. போன மாதம் ஒரு மேடையில் ஒரு பெரியவர் — பெயர் வேண்டாம், சால்வையைச் சொன்னாலே கண்டுபிடித்துவிடுவீர்கள் — “இதெல்லாம் வெள்ளைக்காரன் இறக்குமதி” என்று முழங்கினார். முழங்கியது ஒலிவாங்கியில். மணி பார்த்தது மருமகன் சுவிஸில் இருந்து அனுப்பிய கைக்கடிகாரத்தில். தட்டாதீர்கள், தட்டினால் அவரை இன்றைக்கு விடமாட்டேன்!

ஐயா, இறக்குமதி எது? 1883 இல் வெள்ளைக்காரன் தந்த தண்டனைச் சட்டக் கோவை. அதற்குள் இந்த உறவைக் குற்றமாக்குகிற 365, 365ஏ என்று இரண்டு பிரிவுகள். தந்தவன் தன் இங்கிலாந்தில் 1967 இல் திருத்தத் தொடங்கிவிட்டான். நாங்கள் 1995 இல் திருத்தினோம். எப்படி? ‘ஆண்’ என்று இருந்த இடத்தில் ‘ஆள்’ என்று போட்டோம். அதுவரை ஆண்களுக்கு மட்டும் இருந்த குற்றம் பெண்களுக்கும் கிடைத்தது. இந்த நாட்டில் பெண்ணுக்குச் சமத்துவம் கேளாமலே கொடுத்த ஒரே இடம் அதுதான். 2023 மே மாதம் நம்முடைய உயர் நீதிமன்றம், இதை நீக்க வந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்றது. 2024 இல் பாராளுமன்றம் கலைந்தது, சட்டமூலமும் அதோடு போயிற்று.

வேறு சிலர் எனக்குத் துணைக்கு வருகிறோம் என்று கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். வேண்டாம். அவர்கள் நட்பாகவே இருக்கட்டும். இந்தப் பிள்ளைக்குச் சாட்சி சொல்லச் சங்ககாலத்தில் இருந்து ஆள் வரத் தேவையில்லை.

கிட்டவே இருக்கிறார் ஒருவர். ஷியாம் செல்வதுரை, 1965 இல் கொழும்பில் பிறந்தவர், 83 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கனடா போனவர். 1994 இல் ‘ஃபனி போய்’ எழுதினார். அதில் அர்ஜி என்ற தமிழ்ச் சிறுவன், மச்சாள்மாரோடு கல்யாண விளையாட்டில் மணப்பெண்ணாகச் சேலை உடுக்கிறான். வீடு அதிர்கிறது. வெளியே ஊரே எரியக் காத்திருக்கிறது, பெரியவர்களுக்குக் கவலை ஒரு சேலை! பதினொரு வருஷம் கழித்து இன்னொரு நாவல், அதில் அம்ரித்துக்குப் பதினான்கு வயது. நம்முடைய பிள்ளைகளின் கதை, எழுதப்பட்டது ஆங்கிலத்தில். என் பெடியனுக்கு அது எட்டவில்லை. அவனுக்குத் தமிழில் எட்டிய சொல் எல்லாம் வகுப்பறைக் கதவில் கிறுக்கிய வசை.

சொல் பிறகு வந்தது. மதுரையில் இருந்து இரண்டு பெண்கள் சென்னைக்கு ஓடிவந்து பாதுகாப்புக் கேட்ட வழக்கு, 2021. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். தனக்கு இந்த விஷயம் விளங்கவில்லை என்று அந்த மனிதர் ஒப்புக்கொண்டார். உளவியலாளர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து படித்தார். பிறகுதான் ஜூனில் உத்தரவு எழுதினார். ‘குணப்படுத்துகிறோம்’ என்று யாரும் கிளம்பக் கூடாது என்றார். அடுத்த வருஷம் தமிழ்நாடு அரசு, வசையில்லாத சொற்களுக்குப் பட்டியல் போட்டு அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு என்று இன்று பத்திரிகையில் படிக்கிறோமே! நீதிபதி மாணவனாகப் போனார். நானோ வாத்தியாராகவே இருந்துவிட்டேன்.

கதவோரப் பிள்ளைகளே, இனி உங்களோடு. சொல்லியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. துணிந்தவன் சொல்லுவான், கோழை ஒளிப்பான் என்று படம் காட்டுகிறவர்கள் உங்கள் வீட்டு வாடகையைக் கட்டப்போவதில்லை. இது வெள்ளவத்தை. ஹம்டன் ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் தும்மினால், ரொறொன்ரோவில் சித்தி “தடிமனா?” என்று கேட்கிற ஊர். சோறு யார் போடுகிறார்கள், பரீட்சைக்கு எத்தனை மாதம் கிடக்கிறது, கோபம் வந்தால் அப்பாவின் கை எவ்வளவு தூரம் நீளும் என்று கணக்குப் பார்க்கிறது கோழைத்தனம் இல்லை. ஒருவரிடம் சொன்னால் போதும், வாய் காக்கிறவரிடம். அப்படி ஒருவரும் இல்லாவிட்டால் 1926க்கு எடுங்கள், மனநல நிறுவனத்தின் இலக்கம். வீட்டில் அடி விழுந்தால் 1929, சிறுவர் பாதுகாப்பு இலக்கம்.

பெரியவர்களே, நீங்கள் சிரித்தது போதும். ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால் அதைத் தூக்கிக்கொண்டு சாத்திரியிடம் ஓடாதீர்கள், அடுத்த பிளாட்டுக்கும் ஓடாதீர்கள். என்னைப் போல விளக்கமும் சொல்லாதீர்கள்.

அந்தப் பெடியன் கடைசியில் அக்காவிடம் சொன்னான். இருபத்திமூன்று வயதில், சொந்தச் சம்பளம் வந்த பிறகு. இரவு பதினொரு மணி. சொல்லிவிட்டு அழுகிறான். அக்கா கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, “அம்மாட்ட எப்ப சொல்லுறது எண்டு நீ சொல்லு. அதுவரைக்கும் என்ர வாயில வராது. இப்ப லைற்றை நூத்துப்போட்டுப் படு, பில் கூடும்” என்றிருக்கிறாள்.

“சேர், உங்கட அரை மணித்தியாலத்தை அக்கா மூண்டு வசனத்தில முடிச்சிட்டா” என்று போனில் சிரித்தான்.

நேரம் முடிந்தது என்று தலைவர் இரண்டாவது துண்டும் அனுப்பிவிட்டார். அம்மாவிடம் எப்போது என்று அவன் இன்னும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.