கந்தைத் துணியும் கைத்தையலும்

(கடலூரில் கூடிய நம் சங்கத்தார் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. நம் வீட்டு மூலைகளிற் கிடக்கும் துண்டுத் துணிகளைக் குறித்தும், அவற்றை ஓய்வு நேரத்தில் ஊசியும் நூலும் கொண்டு நிதானமாகத் தைத்து மகிழ்வதைக் குறித்தும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன். நம் கூட்டங்களிலே கல்வி, கூட்டுறவு, நூல் விலை, கூலி முதலிய பெரிய விஷயங்கள் பேசப்படுவதே வழக்கம். அவற்றினிடையே கந்தைத் துணிக்கு என்ன இடம் என்று சிலர் நகைக்கவும் கூடும். தறியை நம்பி வாழ்ந்த குலத்திற் பிறந்த நமக்குத் துணியில் ஒரு துண்டும் அற்பமன்று என்பதே அவர்களுக்கு யான் கூறும் விடையாகும்.

ஒரு சிறு கணக்கைக் கேளுங்கள். அங்குலத்துக்குப் பாவில் 60 இழையும் ஊடையில் 60 இழையும் உடைய ஒரு பருத்தித் துணியை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு அங்குலச் சதுரமாக ஒரு துண்டு வெட்டினால், அதனுள் பாவிழை 240, ஊடையிழை 240, ஆக 480 இழைகள் இருக்கும். ஒவ்வோர் இழையும் நான்கு அங்குல நீளம். அவற்றை முனையோடு முனை சேர்த்தால் 1,920 அங்குலம், அஃதாவது 160 அடி நூல் ஆகும். உள்ளங்கையளவான அத்துண்டு உருவாவதற்கு நாடா 240 முறை தறியின் குறுக்கே ஓடியிருக்கின்றது. அதற்கு முன்னே பருத்தி விளைத்தவர் ஒருவர், நூற்றவர் ஒருவர், சாயமிட்டவர் ஒருவர், தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிட்டவர் சிலர். இத்தனை பேருடைய உழைப்பையும் நாம் ஒரு நொடியிற் குப்பையில் இட்டுவிடுகின்றோம். தறியிற் பாவு முடியும் இடத்தில் நெய்ய முடியாமல் எஞ்சும் நூலைக்கூட முடிந்து வைத்துப் பயன்படுத்திய முன்னோர்க்கு இது தகுமா என்பதைச் சிந்தியுங்கள்.

நம் சமயமும் துணியை எளிய பொருளாகக் கருதவில்லை. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தைத் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேற்றினார் என்பது நம் மரபு. அந்நூலில் துணியையே நடுவாகக் கொண்ட வரலாறுகள் மூன்று உள. நேச நாயனார் தாம் நெய்த உடையும் கீளும் கோவணமும் சிவனடியார்க்கு வழங்கியே வீடு பெற்றார். அமர்நீதி நாயனார் ஒரு கோவணத்துக்கு ஈடாகத் தம் செல்வமெல்லாம் தராசில் வைத்தும் தட்டு நேர்நில்லாமையால், மனைவியோடும் மகனோடும் தாமே அதில் ஏறினார். காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத்தொண்ட நாயனாரோ, ஓர் அடியாரது அழுக்கேறிய கந்தையை மாலைக்குள் வெளுத்துத் தருவதாக ஒப்பி, மழையால் அது உலராதது கண்டு, தம் தலையைக் கல்லில் மோதத் துணிந்தார். ஒரு கந்தையின்பொருட்டு உயிரையும் கொடுக்க முன்வந்தவரை நாம் நாயனாராக வைத்து வணங்குகின்றோம். அவ்வாறாயின் கந்தையை இகழ்தல் எங்ஙனம் பொருந்தும்?

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேரோடுவதை நீங்கள் பலமுறை கண்டு சேவித்திருப்பீர்கள். தேர்களை அழகு செய்யும் தொம்பைகளையும் தேர்ச்சீலைகளையும் அண்மையிற் சென்று நோக்குவது நல்லது. தஞ்சைப் பகுதியிற் சிறந்து விளங்கும் இக்கலையில், சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை முதலிய நிறத் துணிகளைப் பூவாகவும் கொடியாகவும் யாளியாகவும் வெட்டி, வேறொரு துணியின்மேல் வைத்துத் தைப்பார்கள். சாதாரணத் துண்டுகளே கைபட்டபின் தெய்வத்தின் தேருக்கு அணியாகின்றன. இவ்வழக்கம் புதிதுமன்று. கொள்ளிடத்துக்குத் தெற்கே, நமக்கு அண்மையிலுள்ள பூம்புகாரை வருணிக்கும் சிலப்பதிகாரம், அந்நகரத்துத் தையற்காரரையும், துணியாலும் நெட்டியாலும் பலவகைப் பொருள்கள் செய்வோரையும் தனித்தனியே குறிப்பிடுகின்றது. துணித் துண்டைக் கொண்டு அழகு செய்தல் இக்கரையின் பழந்தொழில் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இனி நம் வீடுகளை நோக்குவோம். நம் பாட்டிமார் காலத்தில் புடைவை ஒன்று எத்தனை பிறவி எடுத்தது! நைந்தபின் அது குழந்தைக்குத் தூளியாயிற்று. பின்பு நான்காய் மடித்து ஓட்டுத் தையலிட்டுக் குழந்தையின் படுக்கை விரிப்பாயிற்று. அதிலும் எஞ்சியது அடுப்பங்கரையிற் கரித்துணியாயிற்று. பழைய வேட்டியைக் கிழித்து விளக்குத் திரி திரித்தார்கள். இரவிக்கைத் துண்டுகளை ஒட்டிச் சுருக்குப்பை தைத்து இடுப்பிற் செருகிக்கொண்டார்கள். அப்பையில் வெற்றிலையும் இருந்தது; பேரனுக்கு மிட்டாய் வாங்கக் காசும் இருந்தது.

கடலூர் நாடு துணியாற் பெயர் பெற்றது. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். இக்கரையில் அவர்கள் நடத்திய வியாபாரத்தில் நெசவாளர் தந்த துணியே முதன்மையான சரக்காக இருந்தது. குறிஞ்சிப்பாடி கைலிக்குப் பெயர் பெற்ற ஊர். எனினும், பல வீடுகளிலே தறிக்குழி தூர்க்கப்பட்டு அதன்மேல் தளம் போடப்பட்டுவிட்டது. பிள்ளைகள் படித்து நெய்வேலிக்கும் சென்னைக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றார்கள். அவர்கள் படித்து முன்னேறியதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயின் அக்குழந்தைகளில் எத்தனை பேர் பாவு எது, ஊடை எது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள்? தறி போனபின் துணியைப் பற்றிய அறிவும் வீட்டைவிட்டுப் போய்விடுகின்றது. அதனைத் தடுக்க வல்ல எளிய கருவி ஊசி ஒன்றே என்பது என் துணிபு.

ஏனெனில் ஊசியும் ஒரு சிறு தறியே. கிழிசலை இழையோட்டி அடைக்கும் முறையைப் பாருங்கள். கவிழ்த்த கொட்டாங்கச்சியின்மேல் கிழிந்த இடத்தைப் பரப்பி, ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நூலை நெருக்கமாக ஓட்டி நிறுத்த வேண்டும். அது பாவு. பின்பு அவற்றின் குறுக்கே ஓரிழை மேலும் ஓரிழை கீழுமாக ஊசியைச் செலுத்த வேண்டும். அது ஊடை. ஊசியே நாடாவாகின்றது. ஒரு மணி நேரத்தில் கட்டைவிரலகலம் துணி நெய்யப்பட்டுவிடும். பத்து வயதுச் சிறுவன் இதை ஒருமுறை செய்வானாயின், தன் பாட்டனார் ஆயுள் முழுதும் செய்த தொழில் இன்னதென்று அவன் கையே அவனுக்குச் சொல்லும்.

இஃது இயந்திரத்தின்மேற் கொண்ட வெறுப்பன்று. இயந்திரங்களைக் குறித்து 1924-இல் உரையாடிய காந்தியடிகள், தையல் இயந்திரத்தைப் பயனுள்ள சிலவற்றுள் ஒன்றாக விலக்கிக் கூறினார். பிழைப்புக்குத் தைப்பவர்க்கு இயந்திரம் வேண்டும். மனம் ஆறுவதற்குத் தைப்பவர்க்குக் கையே போதும்.

பிறநாட்டாரும் இவ்வுண்மையை அறிந்துள்ளார்கள். வங்காளத்துப் பெண்கள் பழைய புடைவைகளை அடுக்கி, புடைவைக் கரையிலிருந்தே உருவிய நூலால் தைத்த விரிப்புகள் காந்தா எனப்படும். நம் கந்தை என்னும் சொல்லும் அச்சொல்லும் ஒரே மூலத்தின என்பர். கருநாடகத்து வடகன்னடப் பகுதியிலுள்ள சித்தி இனப் பெண்கள் கவந்தி என்னும் ஒட்டுப் போர்வையை ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைக்கின்றார்கள். அமெரிக்காவில் அலபாமா நாட்டு ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், அடிமைகளாயிருந்தோர் வழிவந்த பெண்கள், வயலில் உடுத்து நைந்த உடைகளைக் கொண்டு குளிருக்குப் போர்வை தைத்தார்கள். அப்போர்வைகள் 2002-இல் நியூயார்க் நகரத்து விட்னி கலைக்கூடத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டன. இவர்களுட் பலர் வறுமையில் உழன்றவர்கள். எனினும் வறுமைக்குத் தைத்ததில் அழகையும் சேர்த்துத் தைத்தார்கள்.

அயலாரை விடுத்து நம் கரைக்கே வருவோம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இரக்கமுள்ளோர் பல திசைகளிலிருந்தும் பழந்துணிகளை அனுப்பினார்கள். அவற்றுட் பல எவர்க்கும் பயன்படாமற் கரையோரங்களிற் குவிந்து கிடந்தன. டில்லியைச் சேர்ந்த கூஞ்ச் என்னும் அமைப்பினர் அவ்வாறு எஞ்சிய துணிகளைப் பெருமளவிற் சேகரித்துப் பிரித்துப் பயனுள்ள பொருள்களாக மாற்றினார்கள். அதே வேளையில் புதுவைக்கு அருகே ஆரோவில்லில் உபாசனா என்னும் ஆடை நிறுவனத்தார், உற்றாரையும் உடைமையையும் இழந்து செயலற்றிருந்த மீனவப் பெண்களை ஒருங்கு கூட்டினார்கள். ஆடை தைத்து மிஞ்சிய துண்டுத் துணிகளை அவர்கள் கையிற் கொடுத்து, விரலளவான சிறு பாவைகள் செய்யக் கற்பித்தார்கள். அப்பாவைக்குச் சுனாமிகா என்று பெயர். அதற்கு விலை கிடையாது. அன்பளிப்பாகவே பல தேசங்களுக்குச் சென்றது. செய்தவர்க்குக் கூலி கிடைத்தது. அதனினும் மேலாகக் கைக்கு ஒரு வேலையும், பக்கத்தில் அமர ஒரு துணையும் கிடைத்தன. துயரத்திற்கு நாவினாற் கூறும் ஆறுதல் தீர்ந்த இடத்தில், ஊசி தன் ஆறுதலைத் தொடங்கியது.

நம் வீடுகளிலும் துயரம் இல்லாமலில்லை. பிள்ளைகள் வெளியூர் சென்றபின் தனித்திருக்கும் முதியோர் எத்தனை பேர்! அவர்கள் கைகள் வேலை அறிந்தவை, வேலையில்லாமல் வாடுகின்றவை. ஊசியிற் நூல் கோக்க அவர்கள் கண்ணுக்கு ஒளி போதாது. அதனைப் பேரக்குழந்தை கோத்துக் கொடுக்கட்டும். ஒரு நூல் கோப்பதற்குள் ஒரு கதை நடக்கும்.

செய்யும் முறையைச் சுருங்கக் கூறுகின்றேன். முதலில் ஒத்த கனமுடைய பருத்தித் துண்டுகளாகத் தேர்ந்தெடுங்கள். ஐயமுள்ள துணியில் ஓரிழை உருவிப் பெரியவர் ஒருவர் நெருப்பிற் காட்டினால், பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். செயற்கை நூல் உருகி மணிபோல் இறுகும். பின்னது குழந்தை விரிப்புக்கு ஆகாது. சாயம் போகுமா என்பதை, நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். துவைத்து உலர்த்தியபின், இயன்றவரை கத்தரியால் வெட்டாமல் நூல்வாக்கிற் கிழித்தால் ஓரம் நேராக வரும். பழைய வேட்டியை இரண்டாய் மடித்து அடித்துணியாக வைத்து, அதன்மேல் துண்டுகளைப் பரப்பி, நடுவிலிருந்து வெளிநோக்கிப் பெருந்தையலாக நூலோட்டிக்கொள்ளுங்கள். அப்போது சுருக்கம் விழாது. பின்பு ஓரங்களை உள்மடித்து, அரிசி நீள அளவில் ஓட்டுத் தையல் இடுங்கள். நூல் ஒரு முழத்துக்கு மேற்பட்டால் சிக்கும். தொடக்கத்தில் பெரிய போர்வைக்கு ஆசைப்படாமல் ஒரு சுருக்குப்பை தையுங்கள். தையல் கோணினால் வருந்த வேண்டா. கோணலும் கையின் அடையாளமே.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூற வேண்டும். தையல் என்னும் சொல் தமிழிற் பெண்ணையும் குறிக்கும், தைத்தலையும் குறிக்கும். அதனால் இது பெண்ணுக்கே உரிய கடமை என்று எவரும் முடிவு கட்டலாகாது. நம் குலத்தில் ஆடவர் தறியில் அமர்ந்தார்கள். பெண்கள் நூல் சுற்றினார்கள். துணி இருவருடைய கையாலும் உண்டாயிற்று. பெண்ணின் படிப்பைக் குறைத்து ஊசியைக் கொடுப்பீர்களாயின், யான் சொன்னதெல்லாம் வீணாகும். இது கட்டாயமாகுமாயின் இன்பம் போய்விடும். மற்றொன்று, இதனாற் பெரும்பொருள் ஈட்டலாம் என்று எவரையும் மயக்குதல் கூடாது. கைத்தையலுக்கு நேரம் மிகச் செல்லும். அந்நேரத்துக்கு ஏற்ற விலையைச் சந்தை கொடுப்பதரிது. விற்பவர் தம் நேரத்தைக் கணக்கிட்டு விலை கூறட்டும். மற்றையோர் மகிழ்ச்சிக்கும் வீட்டுப் பயனுக்கும் தைப்போமாக.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு சாண் சதுரத் துண்டு ஒன்று எடுத்து வையுங்கள். பாட்டியின் புடைவைக் கரையாகலாம். தாத்தா கடைசியாக நெய்த கைலியின் ஓரமாகலாம். அதன் ஓரத்தில் குடும்பத்துச் சிறுவர் ஒருவர் ஓட்டுத் தையலிட்டு, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கடலூரார் துண்டும், சிதம்பரத்தார் துண்டும், குறிஞ்சிப்பாடியார் துண்டும் ஓரிடத்திற் சேரட்டும். முதியோர் வழிகாட்ட, இளையோர் நூல் கோக்க, எல்லாரும் கூடி அமர்ந்து ஒரே விரிப்பாகத் தைப்போம். அதை விரித்து அதன்மேல் நம் குழந்தைகளை அமர்த்தி, எந்தத் துண்டு எவர் தறியில் நெய்தது என்று சொல்லிக் கொடுப்போம்.