தன் கையைத் தானே கட்டிய சேமிப்பு
(மன்றத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துரு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் பொருளியல். சூத்திரங்களை எண்ணி எவரும் அஞ்ச வேண்டாம். நாம் சொல்லப்போவது ஒரு சிறு பூட்டுப் பெட்டியின் கதை.

"அடுத்த மாதம் முதல் மிச்சம் பிடிப்போம்" என்று சம்பள நாளில் எண்ணாதவர் இம்மண்டபத்தில் எத்தனை பேர்? நாமும் எண்ணினோம். அடுத்த மாதம் வந்தது. எண்ணம் அதற்கடுத்த மாதத்துக்குப் போயிற்று. பழைய பொருளியல் நூல்கள் மனிதனைத் தன் நலத்தைக் கணக்கிட்டு நடப்பவனாகவே பெரும்பாலும் கொண்டன. அவன் உண்மையில் எப்படி நடக்கிறான் என்று பார்ப்பது நடத்தைப் பொருளியல்.

கிரேக்கக் கதையில் ஒடிசியஸ் என்னும் வீரன், மயக்கும் பாட்டொலி வரும் கடலைக் கடக்குமுன் தன்னைப் பாய்மரத்தோடு கட்டச் சொன்னான். தன் உறுதியில் அவனுக்கு நம்பிக்கை இருக்கவில்லை; கயிற்றில் இருந்தது. ஏழை மக்களும் இப்படிக் கயிறு தேடுவார்களா? கலாநிதிப் பட்டத்துக்காக அப்போது ஆய்ந்துகொண்டிருந்த நவா அஷ்ரப், வெஸ்லி யின் ஆகிய இருவரும் டீன் கார்லன் என்பவரோடு சேர்ந்து 2003ஆம் ஆண்டு இதைச் சோதிக்கப் புகுந்தனர். இடம், பிலிப்பைன்ஸ் நாட்டின் மின்டனாவோ தீவு. துணை நின்றது அங்குள்ள ஒரு கிராமிய வங்கி.

வங்கியின் வாடிக்கையாளர் 1,777 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். 842 பேருக்குப் புதுவகைக் கணக்கொன்றைத் திறக்கும் வாய்ப்பு. 466 பேரிடம் வீடு தேடிச் சென்று சேமிப்பின் அருமையைச் சொன்னார்கள், அவ்வளவே. எஞ்சிய 469 பேரை அவர்கள் பாட்டில் விட்டுவிட்டார்கள்.

புதுக் கணக்கின் விதி விந்தையானது. தொகையையோ நாளையோ வாடிக்கையாளரே குறிப்பார். அது நிறைவேறும்வரை பணத்தைத் தொட இயலாது. வட்டியோ சாதாரணக் கணக்குக்கு உள்ளதுதான், ஒரு சதமும் கூடாது. வேண்டுவோர் சிறு பெட்டியொன்றும் வாங்கலாம். அதன் திறப்பு வங்கியிடம் இருக்கும். நம் வீடுகளில் உடைத்தாலன்றிக் காசு எடுக்க முடியாத மண் உண்டியலை ஒத்தது அது.

கூடுதல் வட்டியின்றித் தன் பணத்தைத் தானே சிறையிட எவர் வருவார்? பழைய கணக்குப்படி ஒருவரும் வரக்கூடாது. ஆனால் சந்திக்க முடிந்த 710 பேரில் 202 பேர், நூற்றுக்கு 28 வீதத்தினர், வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெட்டியையும் வாங்கினார்கள். பள்ளிச் செலவுக்கென்றும் வீட்டுக்கென்றும், கிறிஸ்மஸ் போன்ற கொண்டாட்டங்களுக்கென்றும் அவர்கள் சேமித்தார்கள்.

வந்தவர் யார் என்பதே நம்மை மிகவும் கவர்ந்தது. கணக்குத் தொடங்குமுன் எல்லோரிடமும் ஒரு வினா: இன்று கிடைக்கும் சிறு தொகையா, ஒரு மாதம் பொறுத்தால் கிடைக்கும் பெருந் தொகையா? பின் அதே வினா, ஆறாம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்குமாக. தொலைவில் உள்ளதற்குப் பொறுப்போம் என்று சொல்லி, இன்றைக்கென்றால் மட்டும் பொறுக்க மாட்டாதவர் சிலர். அத்தகைய பெண்களே கூடுதலாகக் கணக்குத் திறந்தார்கள். அவர்களை அறியாதவர் என்பதா? தம் பலவீனத்தை அறிந்தவர் என்றே நாம் சொல்வோம்.

ஓராண்டு சென்றபின், வாய்ப்புப் பெற்ற குழுவின் சேமிப்பு, தனியே விடப்பட்டோரதைவிட 81 சதவீதப் புள்ளி கூடுதலாக உயர்ந்திருந்தது. கணக்கே வேண்டாம் என்றவரையும் சேர்த்து எடுத்த கணக்கு இது. உபதேசம் மட்டும் கேட்ட குழுவிலோ உறுதியாகச் சொல்லத்தக்க உயர்வு காணப்படவில்லை. மேடையேறிப் பேசும் எம்போன்றோர்க்கு இது சற்றுக் கசப்பான செய்தி!

குறையையும் மறைக்கலாகாது. முதற் பணத்தோடு நிறுத்திக்கொண்டவர் கணிசமானோர். இரண்டரை ஆண்டுக்குப் பின் பார்த்தபோது அந்த வேறுபாடு பெரிதும் சுருங்கிவிட்டது. கயிற்றை ஒரு முறை கட்டினால் ஆயுள் முழுதுக்கும் போதாது போலும்.

ஆயினும் அதே மூவர் 2010இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை வேறொன்றைக் காட்டியது. வாய்ப்புப் பெற்ற மணமான பெண்களுக்கு, வீட்டில் எதை வாங்குவது, எதற்குச் செலவிடுவது என்னும் முடிவுகளில் செல்வாக்குக் கூடியிருந்தது. முன்பு அச்செல்வாக்குக் குறைவாயிருந்த வீடுகளில் மாற்றம் துலக்கமாயிருந்தது. அவ்வீடுகளுக்குத் தையல் இயந்திரம் போன்ற, பெண்கள் பயன்படுத்தும் பொருள்கள் கூடுதலாக வந்து சேர்ந்தன. பெட்டியின் பூட்டு அவர்களின் கையை மட்டும் தடுக்கவில்லை. வீட்டில் பிறர் நீட்டிய கைகளையும் தடுத்திருக்கிறது.