உரிமச் சீட்டு இல்லாத இசைக்குழு

(கழக இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'கலையும் உரிமையும்' என்னும் தலைப்பில் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கின்றார்கள். தலைப்போ கடல், நம் கையில் இருப்பதோ சிறு குடம். ஆகவே ஐரோப்பாவின் நடுவே உள்ள பிராக் நகரில் தோன்றிய ஓர் இசைக்குழுவின் வரலாற்றை மட்டும் இன்று உங்கள் முன் வைக்கலாம் என்று எண்ணுகின்றோம். அக்குழுவின் பெயர் 'தி பிளாஸ்டிக் பீப்புள் ஆஃப் தி யூனிவர்ஸ்'. அண்டத்தின் பிளாஸ்டிக் மனிதர்கள் என்று பொருள். பெயரைக் கேட்டுச் சிலர் புன்னகை செய்வது தெரிகின்றது. செய்யுங்கள். அப்பெயரைப் பார்த்துப் புன்னகை செய்ய மறுத்த ஓர் அரசைப் பற்றியதே இவ்வரலாறு.

1968-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அன்றைய செக்கோஸ்லோவாகியாவில் டூப்செக் என்பாரின் தலைமையில் ஒரு தளர்ச்சி ஏற்பட்டது. பத்திரிகைகள் வாய் திறந்தன, நாடகங்கள் நடந்தன, இளைஞர்கள் கித்தாரைக் கையில் எடுத்தனர். அதனைப் பிராக் வசந்தம் என்பர். ஆகஸ்டுத் திங்கள் 20-ஆம் நாள் இரவில் சோவியத் ஒன்றியத்தின் தலைமையில் வார்சா உடன்படிக்கைப் படைகள் நாட்டினுள் நுழைந்தன. வசந்தம் முடிந்தது. பொதுவுடைமைக் கொள்கையின் நன்மை தீமைகளை ஆராய்வதற்காக நாம் இங்கு வரவில்லை. அது வேறொரு நாளைக்குரிய பேச்சு. படைகள் வந்த சில வாரங்களுக்குள், மிலான் ஹ்லாவ்சா என்னும் 17 வயது இளைஞர் தம் நண்பர்களுடன் இக்குழுவைத் தொடங்கினார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

அவர்கள் வாசித்தது என்ன இசை? ராக் என்பது கித்தாரும் முரசும் ஒலிபெருக்கியும் கொண்டு மேலைநாட்டு இளைஞர்கள் வளர்த்த இசை என்பதனை நீங்கள் அறிவீர்கள். அதனுள் பிற இசைமரபுகளையும் கவிதையையும் நாடகத்தையும் கலந்து, நடனத்திற்கு மட்டுமின்றிச் சிந்தனைக்கும் உரியதாக்க முயன்ற பிரிவு ஒன்று உண்டு. அமெரிக்காவில் பிராங்க் சப்பா என்பார் ஜாசையும் நவீன மேலைச் செவ்விசையையும் நையாண்டியையும் ஒரே பாட்டில் அடைப்பார். குழுவின் பெயரே அவருடைய பாடல் ஒன்றிலிருந்து எடுத்ததுதான். நியூயார்க்கின் 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' குழு, வயோலாவின் ஒரே சுரத்தை நீளமாக இழுத்து அதன்மேல் பாட்டைக் கட்டும். இவ்விரண்டும் பிராக் இளைஞர்களை ஆட்கொண்டன. ஹ்லாவ்சாவின் தாழ்சுரக் கித்தார் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் வயலினும் வயோலாவும் கரகரக்கும். கையால் தொடாமல் அசைவினாலேயே ஒலி எழுப்பும் தெரமின் என்னும் மின்கருவி ஊளையிடும். ஜாஸ் வழிவந்த சாக்சபோன் இடையில் புகுந்து கதறும். சில பாட்டுகளில் பாடுவதே இல்லை. கவிதையை முரட்டுக் குரலில் சொல்லிச் செல்வர். நம் செவிக்கு இது முதல் தடவையில் இனிக்காது. இரண்டாம் தடவையில் உறுதியாக இனிக்கும் என்றும் நாம் வாக்களிக்கமாட்டோம். ஆனால் மூன்றாம் தடவை கேட்கும்போது, இது கைபோன போக்கில் வந்த சத்தமில்லை, எண்ணிக் கட்டியது என்பது புலப்படும்.

இவர்களுக்குக் கலை வழிகாட்டியாக அமைந்தவர் இவான் யிரோஸ் என்னும் கலை வரலாற்று அறிஞர். கற்றவர், வாய்த்துடுக்கும் நிறைய உண்டு. அந்தத் துடுக்கிற்காகவே பல முறை சிறை சென்றவர்.

இனி, உரிமச் சீட்டுக்கு வருவோம். அந்நாட்டில் அன்று ஊதியம் பெற்று மேடையில் வாசிக்க விரும்பும் எவரும் அரசின் தேர்வுக் குழு முன் வாசித்துக் காட்டித் தகுதி பெறவேண்டும். சுரஞானம் மட்டும் போதாது; அரசியல் அறிவும் சோதிக்கப்படும்; நீண்ட முடியும் ஆங்கிலப் பெயரும் ஆகாது. எத்தனையோ குழுக்கள் முடியை வெட்டிக்கொண்டன, பெயரை மாற்றிக்கொண்டன, பாட்டையும் மாற்றிக்கொண்டன. அவர்களை நாம் பழிக்கமாட்டோம். அடுப்பு எரியவேண்டும் அல்லவா? இக்குழு மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. 1970-இல் உரிமம் பறிபோனது. அத்துடன், அரசுக்குச் சொந்தமான கருவிகளும் போயின. யோசெப் யானிசெக் என்னும் கித்தார்க் கலைஞருக்குக் கைத்தொழில் அறிவு இருந்தது. பழைய டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகளைப் பிரித்து, அவற்றின் உறுப்புகளைக் கொண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டினார். 1973-இல் மீண்டும் ஒரு முறை தேர்வுக்குச் சென்றனர். உரிமம் கிடைத்தும், இரண்டே வாரத்தில் அது மறுக்கப்பட்டது. அந்த இசை நோய்ப்பட்டது, சமூகத்திற்குத் தீங்கு பயக்கும் என்பது கூறப்பட்ட காரணம். 'இது இசையன்று, இரைச்சல்' என்று மேலிருந்து சொல்லும் குரல் நம் பறைக்குப் புதியதன்று. அதனை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

உரிமம் இல்லையென்றால் ஊதியம் இல்லை, விளம்பரம் இல்லை, மன்றம் இல்லை. ஆனால் திருமணத்தில் பாடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. எனவே நண்பர்களின் திருமணங்களே கச்சேரிகள் ஆயின. இடம் முன்கூட்டித் தெரியாது. வாய்மொழியாகவே செய்தி பரவும். இளைஞர்கள் தொடர்வண்டியில் சென்று, ஊருக்கு வெளியே ஒரு களஞ்சியத்தையோ விடுதியையோ நடந்தே தேடி அடைவர்.

1972-இல் விராட்டிஸ்லாவ் பிரபெனெட்ஸ் என்னும் சாக்சபோன் கலைஞர் குழுவில் சேர்ந்தார். அதுவரை கனடா நாட்டவரான பால் வில்சன் ஆங்கிலப் பாட்டுகளைப் பாடிவந்தார். நாம் நம் சொந்தப் பாட்டை நம் சொந்த மொழியில் பாடுவோம் என்றார் பிரபெனெட்ஸ். இம்மாற்றத்தை நாம் மிகப் பெரிதாகக் கருதுகின்றோம். அதற்குமுன் அவர்கள் அமெரிக்க இசையின் நல்ல மாணவர்கள். அதற்குப்பின் பிராக் தெருவின் குரல். எகோன் போண்டி என்னும் தடைசெய்யப்பட்ட கவிஞரின் பாட்டுகளை எடுத்துக்கொண்டனர். அவற்றில் அரசை எதிர்க்கும் முழக்கம் ஏதும் இல்லை. சலிப்பு, பீர், சோம்பல் இவையே பொருள். ஒரு பாட்டு மலச்சிக்கலைப் பற்றியது! எல்லாம் செழிப்பாக இருக்கின்றது என்று நாள்தோறும் அறிக்கை விடுகின்ற அரசுக்கு, எங்களுக்கு உடம்பு சரியில்லை என்று ஒருவர் உரக்கப் பாடுவதே பெருங்குற்றமாகத் தோன்றியது போலும்.

1974 மார்ச்சில் செஸ்கே புட்யேயோவிட்செ நகரின் அருகிலுள்ள ருடோல்போவ் என்னும் ஊரில் கச்சேரி ஒன்று ஏற்பாடாகியிருந்தது. நூற்றுக்கணக்கான இளைஞர்கள் வந்தனர். குழு மேடையேறுவதற்கு முன்பே காவலர் தடியுடன் வந்தனர். பிள்ளைகளைத் தொடர்வண்டி நிலையத்திற்கு விரட்டி, சுரங்கவழியில் வைத்து அடித்து, பிராக் செல்லும் வண்டியில் ஏற்றினர். மாணவர் பலர் தம் பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டனர். ஒரு பாட்டைக்கூடக் கேளாத மாணவன், பாட்டுக் கேட்கச் சென்ற குற்றத்திற்காகப் பள்ளியை இழந்தான். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைச் சிவப்பு மையால் அடிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும், அந்தப் பெயரை மறுபடி ஏற்றுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பது பள்ளியில் பணிபுரிவோருக்குத் தெரியும். எந்த நாட்டில் நடந்தாலும் நம்மால் இதனை எளிதில் கடந்து செல்ல இயலவில்லை.

1976 பிப்ரவரி 21-இல் பொயானோவிட்செ என்னும் சிற்றூரில் யிரோசின் திருமணத்தையொட்டி ஓர் இசைவிழா நடந்தது. மார்ச்சு 17-இல் கைதுகள் தொடங்கின. 27 பேரைப் பிடித்தனர். செப்டம்பரில் பிராக் நீதிமன்றத்தில் நால்வர் நிறுத்தப்பட்டனர். பொது அமைதியைக் குலைத்தனர் என்பது குற்றச்சாட்டு. யிரோசுக்கு 18 மாதம். தோழமைக் குழுவைச் சேர்ந்த பவெல் ஸாயீச்செக்கிற்கு 12 மாதம். பிரபெனெட்சுக்கும், சீர்திருத்தக் கிறித்தவ மறையாளரும் பாடகருமாகிய ஸ்வாட்டோப்ளுக் கராசெக்கிற்கும் 8 மாதம். ஹ்லாவ்சா உள்ளிட்ட பிறர் சில மாதக் காவலுக்குப் பின் விடப்பட்டனர்.

இங்குதான் இவ்வரலாறு திரும்புகின்றது. வாட்ஸ்லாவ் ஹாவெல் என்னும் நாடக ஆசிரியர் நாட்டில் மதிப்புப் பெற்றவர். வசதியான குடும்பத்தில் பிறந்தவர். நீண்ட முடி வைத்த இந்த இளைஞர்களைப் பற்றி அவர் அதுவரை கேள்விப்பட்டதெல்லாம் நல்லதாக இல்லை. கைதுகளுக்குச் சில வாரங்களுக்கு முன் அவர் யிரோசைச் சந்தித்தார். யிரோஸ் ஒரு பழைய ஒலிப்பதிவுக் கருவியில் பாடல்களைப் போட்டுக் காட்டினார். அடுத்த கச்சேரிக்கு வருவதாக ஹாவெல் சொன்னார். அந்தக் கச்சேரி நடக்கவேயில்லை.

அப்போது ஹாவெல் சிந்தித்த வகை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. அரசியல்வாதிகள் சிறை செல்லும்போது, அது இரு தரப்புக்கும் தெரிந்த ஆட்டம் என்று உலகம் தோளைக் குலுக்கிவிடும். இந்த இளைஞர்களோ அரசியல் பேசவில்லை, ஆட்சியைக் கேட்கவில்லை, தங்கள் விருப்பப்படி வாசிக்கவும் வாழவும் மட்டுமே கேட்டனர். அதற்கே சிறையென்றால், நாளை யார் வேண்டுமானாலும், எதற்காக வேண்டுமானாலும் சிறை செல்லலாம். இதுவே அவர் கண்டது. பேராசிரியர்களையும் எழுத்தாளர்களையும், முன்பு ஆட்சியிலிருந்து விலக்கப்பட்டவர்களையும் அவர் கூட்டினார். இவர்களுள் பெரும்பாலோர் அந்த இசையை ஒரு நிமிடம்கூடப் பொறுத்துக் கேட்டிருக்கமாட்டார்கள் என்று எண்ணுகின்றோம். கவிஞர் யாரொஸ்லாவ் சைபெர்ட் உள்ளிட்டோர் நோபல் பரிசு பெற்ற ஜெர்மானிய எழுத்தாளர் ஹைன்ரிச் போலுக்குத் திறந்த மடல் எழுதினர். பிடித்த பாட்டுக்காக வாதாடுவது யார்க்கும் எளிது. தமக்குப் பிடிக்காத பாட்டைப் பாடியவனுக்காக, முதுமையில், ஓய்வூதியத்தையும் பணயமாக வைத்து வாதாடிய அவர்களை நாம் தனியே வணங்குகின்றோம்.

அந்தக் கூட்டுறவிலிருந்து 1977 சனவரியில் 'பட்டயம் 77' பிறந்தது. தொடக்கத்தில் 242 பேர் கையொப்பமிட்டனர். நீங்களே கையெழுத்திட்ட பன்னாட்டு மனித உரிமை உடன்படிக்கைகளை நீங்களே கடைப்பிடியுங்கள் என்பதே அதன் வேண்டுகோள். விலை கடுமையாக இருந்தது. கையொப்பமிட்டோர் பலர் வேலை இழந்தனர். அவர்கள் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைக்கப்பட்டது. பட்டயத்தின் பேச்சாளர்களுள் ஒருவராகிய மெய்யியலறிஞர் யான் பட்டோச்கா, நீண்ட விசாரணைகளுக்குப் பின் அவ்வாண்டு மார்ச்சு 13-இல் காலமானார். அவருக்கு வயது 69.

குழு ஓயவில்லை. 1978-இல் ஹாவெலின் பண்ணை வீட்டிலேயே, கிறித்துவின் பாடுகளைப் பற்றிய விவிலியப் பகுதிகளை ராக் இசையில் அமைத்துப் பதிவு செய்தனர். மலச்சிக்கல் பாடிய அதே குழுதான்! போண்டியின் பாடல்கள் கள்ளத்தனமாக மேலைநாடு சென்று இசைத்தட்டாக வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. பிரபெனெட்ஸ் மட்டும் காவலரின் இடைவிடாத தொல்லையால் 1982-இல் நாட்டை விட்டுப் பெயர்ந்தார்.

வேடிக்கையும் வேதனையுமான ஒரு செய்தி உண்டு. 1980-களின் இறுதியில் பிடி தளர்ந்தபோது, முழுப் பெயரை விடுத்து முதலெழுத்துகளை மட்டும் போட்டுக்கொண்டால் மேடை தரலாம் என்றார்கள். ஒப்புக்கொள்வதா, மறுப்பதா என்று குழுவினுள்ளேயே பூசல் மூண்டது. 20 ஆண்டுக் காலத் தடியடிக்கும் சிறைக்கும் உடையாத குழு, 1988-இல் மூன்று எழுத்துகளின் பொருட்டு உடைந்தது. யார் பக்கம் நியாயம்? நமக்கு விளம்பரம் வேண்டாம், மேடை போதும் என்றவரின் நியாயமும் விளங்குகின்றது; பெயரை விட்டபின் என்ன மீதி என்றவரின் நியாயமும் விளங்குகின்றது. நீங்கள் வீடு திரும்பும் வழியில் வாதாடிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு, 1989 டிசம்பர் 29-இல், ஹாவெல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். 1997-இல் பட்டயத்தின் 20-ஆம் ஆண்டு நினைவுக்காக அவர் விரும்பிக் கேட்க, பிரிந்தவர்கள் மீண்டும் ஒன்றுகூடி வாசித்தனர்; தம் முழுப் பெயரிலேயே வாசித்தனர். மறு ஆண்டு வாஷிங்டனில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மாளிகையில் ஹாவெலுக்கு விருந்து நடந்தபோது, வெல்வெட் அண்டர்கிரவுண்டின் லூ ரீடுடன் சேர்ந்து வாசித்தார் ஹ்லாவ்சா. இளமையில் யாருடைய தட்டைக் கேட்டு வளர்ந்தாரோ, அவருடனேயே. ஹ்லாவ்சா 2001 சனவரியில், 49 வயதில் மறைந்தார். எஞ்சியவர்கள் அதன் பின்னரும் அதே பெயரில் மேடையேறினர்.