சுக்கான் தண்டு வழியே வரும் தண்ணீர்

(மீள்குடியேறிய கடற்றொழிலாளருக்கான படகுப் பராமரிப்புப் பயிற்சியில் ஆற்றப்பட்ட உரை)



உங்களில் பலர் முன்பு வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளத்தில் தொழில் செய்தவர்கள். அதில் இயந்திரத்தைத் திருப்பினால் வள்ளம் திரும்பும்; தனியாகச் சுக்கான் இல்லை. இப்போது நீங்கள் குழுவாகப் பொறுப்பெடுக்கும் உள்ளிணைப்பு இயந்திரப் படகு அப்படியல்ல. அதன் பின்பக்கத்தில் படகைத் துளைத்துக்கொண்டு இரண்டு தண்டுகள் வெளியே போகின்றன. ஒன்று புறொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு. மற்றது சுக்கானைத் திருப்பும் தண்டு. அந்தத் துளைகளால் கடல் உள்ளே வராமல் தடுப்பது, தண்டைச் சுற்றி இறுக்கிவைத்த சில பக்கிங் வளையங்கள்தான்.

மயிலிட்டித் துறைமுகத்தை விட்டு 1990 இல் வெளியேறிய மக்களுக்கு அது 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. 27 வருடங்கள்! தகப்பனின் கையைப் பார்த்துப் பிள்ளை பழகும் வேலைகள் இப்படியான கரைகளில் இடையில் அறுந்துபோயின. அதனால்தான் இந்தச் சிறிய வேலையையும் விளக்கமாகச் சொல்கிறேன்.

சுக்கான் தண்டின் ஒழுக்கு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். வெறும் படகு கரையில் கட்டி நிற்கும்போது பக்கிங் இருக்கும் இடம் பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலே அல்லது அதற்குச் சற்று அருகில் இருக்கும். நீங்கள் எட்டிப் பார்த்தால் காய்ந்திருக்கும். ஐஸ், எரிபொருள், வலை, மீன் எல்லாம் ஏற்றி ஓடும்போது படகின் பின்பக்கம் தாழும். அப்போதுதான் தண்ணீர் வரும். நிமிடத்துக்கு 1 லீற்றர் வந்தாலும் 10 மணித்தியாலத்தில் 600 லீற்றர். அது ஏறக்குறைய 600 கிலோ பாரம். அந்தப் பாரம் பின்பக்கத்தை இன்னும் தாழ்த்தும். ஒழுக்கு இன்னும் கூடும். பற்றரி இறங்கிப் பம்பி நின்றால், அடுத்து நனைவது இயந்திரம்.

ஒழுக்கைக் கண்டதும் எல்லோரும் செய்வது ஸ்பனரை எடுத்து நட்டை இறுக்குவது. ஒருமுறை, இருமுறை அது உதவும். ஆனால் பழைய பக்கிங் காய்ந்து கல்லாகியிருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் அது தண்டோடு ஒட்டாது. சுக்கான் பாரமாகும், தண்டு தேயும், தண்ணீர் மட்டும் நிற்காது. பல வருடம் கரையில் கிடந்த படகில் பக்கிங் காய்ந்துதான் இருக்கும். அதைக் கழற்றி மாற்றுங்கள்.

முதலில் படகைக் கரையேற்றுங்கள். நம் கடலில் வற்று, பெருக்கு வித்தியாசம் 1 மீற்றருக்கும் குறைவு. வற்றில் படகு தானாகத் தரை தட்டும் என்று காத்திருக்க முடியாது. கரையேற்றியதும், வெளியே நின்று சுக்கானைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தடதடவென்று ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. அதைத் திருத்தாமல் போடும் புதுப் பக்கிங் சில வாரங்களில் வீணாகும்.

அடுத்து, அழுத்து வளையத்தின் நட்டுகளைக் கழற்றி, பழைய பக்கிங் முழுவதையும் வெளியே எடுங்கள். வளைத்த கம்பிக் கொக்கி போதும்; தண்டில் கீறல் விழாமல் பாருங்கள். மேலே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதை வைக்கவேண்டாம். அடியில் இருக்கும் பழைய வளையமே அடுத்த ஒழுக்குக்குக் காரணமாகும். பிறகு தண்டைத் துடைத்து நகத்தால் தடவுங்கள். நகம் தடக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் லேத் வேலைக்குக் கொடுக்கவேண்டும்.

பக்கிங்கின் அளவை ஊகிக்கவேண்டாம். கூட்டின் உள்விட்டத்திலிருந்து தண்டின் விட்டத்தைக் கழித்து இரண்டால் பிரியுங்கள். கூடு 54 மில்லிமீற்றர், தண்டு 38 மில்லிமீற்றர் என்றால் மிச்சம் 16, பாதி 8. ஆகவே 8 மில்லிமீற்றர் சதுரப் பக்கிங். கிறீஸ் ஊறிய, கடல் வேலைக்கான பின்னல் பக்கிங்கையே வாங்குங்கள். நைலோன் கயிறும் சாரத் துணியும் அந்த வேலையைச் செய்யா.

பக்கிங்கைத் தண்டில் சுற்றி, கூரான கத்தியால் சரிவாக வெட்டித் தனித்தனி வளையங்களாக்குங்கள். ஒரே நீளமாகச் சுருட்டிச் செருகினால் தண்ணீர் அந்தச் சுருள் வழியே ஏறி வரும். ஒவ்வொரு வளையத்துக்கும் கிறீஸ் பூசி, ஒவ்வொன்றாக அடிவரை அழுத்துங்கள். ஒரு வளையத்தின் வெட்டு வாய்க்கு நேரே அடுத்ததன் வாய் வரக்கூடாது. கால் சுற்று அல்லது அதற்கு மேல் தள்ளி வையுங்கள்.

பிறகு இரு பக்க நட்டுகளையும் சமமாக, முதலில் விரலால், பின் ஸ்பனரால் கால் கால் சுற்றாக இறுக்குங்கள். இடையிடையே சுக்கானை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திருப்பிப் பாருங்கள். இலகுவாகத் திரும்பவேண்டும். கடைசியில் பூட்டு நட்டை இறுக்க மறக்கவேண்டாம்.

இங்கே ஒரு வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். புறொப்பெல்லர் தண்டு வேகமாகச் சுழல்வதால் சூடாகும். அதன் பக்கிங்கில், ஓடும்போது சில சொட்டுத் தண்ணீர் வருவது நல்லது. சுக்கான் தண்டு மெதுவாகத் திரும்புவது. அதற்குக் குளிர்ச்சி தேவையில்லை. அங்கே ஒழுக்கு இருக்கக்கூடாது.

வேலை முடிந்ததும் பாரம் ஏற்றிக் கரைக்கு அருகே ஓட்டி, ரோச் லைட் அடித்துப் பாருங்கள். புதுப் பக்கிங் படிந்து இறங்கும். முதல் சில பயணங்களின் பின் மீண்டும் சிறிது இறுக்கவேண்டியிருக்கும்.

கடலில் வைத்து ஒழுக்குத் தொடங்கினால் வேகத்தைக் குறைத்து, பாரத்தை முன்பக்கம் மாற்றி, நட்டுகளைச் சமமாகச் சிறிது இறுக்கி, கரைக்குத் திரும்புங்கள். உயிர்காப்பு அங்கியை உடனே அணியுங்கள். தண்ணீர் அடங்காவிட்டால், வி.எச்.எவ். வானொலியின் 16 ஆம் அலைவரிசையில் உதவி கேளுங்கள். பம்பி நிற்கும்வரை காத்திருக்கவேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குழுவுக்குச் சொந்தமான படகில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். பக்கிங் பார்ப்பது யார் பொறுப்பு என்று பெயர் குறித்து, மாற்றிய திகதியைக் குழுவின் கொப்பியில் எழுதுங்கள். ஒரு முழம் பக்கிங்கைப் படகிலும் வைத்திருங்கள். அந்தப் படகை நம்பிப் பல குடும்பங்கள் கரையில் இருக்கின்றன.